தொட்டிக்கு வராத மிச்சம்

ஜூன் 3, திங்கள்

இது போன வருஷத்து டைரி. மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் கொடுத்து, ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டால் போதும். தாள் நல்ல தாள்.

இன்றிலிருந்து வீட்டுச் சமையல் என் பொறுப்பு. வயது அறுபத்து மூன்று. ஈரோட்டில் முப்பத்தைந்து வருஷமாகப் பழைய சாக்கு வியாபாரம். அடுத்தவன் காலி செய்து எறிந்ததை வாங்கி, உதறி, ஒட்டுப் போட்டுத் திரும்ப விற்று, கீழே குடோனும் மேலே வீடுமாகக் கட்டியவன். சமையல் தெரியாது. பொருள் வீணாகாமல் பார்த்துக்கொள்ளத் தெரியும். சமையலில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன்.

என் மனைவி துளசிமணிக்கு மே மாதம் குடல் முறுக்கிக்கொண்டது. கோயமுத்தூரில் அறுத்து, கெட்டுப்போன துண்டை எடுத்துவிட்டு, குடலின் முனையை வயிற்றின் வலதுபக்கம் வெளியே கொண்டுவந்து ஒரு பை மாட்டியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன். குடலை உள்ளே சேர்த்துத் தைத்துப் பையை எடுத்துவிடுவார்கள். டாக்டர் சொன்னது: "நாற்பத்தஞ்சு கிலோ வரட்டும், தேதி தர்றேன். அதுக்குக் கீழ நான் கை வெக்க மாட்டேன்." இப்போது நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. பேரன் இங்கே இருந்தபோது, பக்கத்தில் வந்தாலே துளசி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வாள். எப்போது தேதி என்று மட்டும் தினம் ஒருமுறை கேட்கிறாள்.

மகள் மைதிலி பதினைந்து நாள் இருந்தாள். பையனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது என்று ஓசூர் போய்விட்டாள். போகும்போது ஒரு சமையல்காரம்மாவை ஏற்பாடு செய்தாள். நான்காம் நாள் குப்பைத் தொட்டியைக் கிளறிப் பார்த்தேன். பாதி முட்டைக்கோஸ், ஒரு சட்டி சாம்பார், கொத்தமல்லிக் காம்பு அத்தனையும். சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மைதிலி போனில் கத்தினாள். "அப்பா, உங்களுக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். தெரியும்.

கடையிலிருந்து சின்னத் தராசைக் கொண்டுவந்திருக்கிறேன். தொட்டிக்குப் போவதைத் தினமும் எடை போட்டு இதில் எழுதுவதாக ஏற்பாடு. கடையை மாதேஸ் பார்த்துக்கொள்வான். இருபது வருஷமாக இருக்கிறவன்.

ஜூன் 4, செவ்வாய்

சாதம், பருப்பு, பீர்க்கங்காய். இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி என்று கேட்க வெட்கப்பட்டு மூன்று டம்ளர் போட்டேன்.

தொட்டி: 1,150 கிராம். சமையல்காரம்மாவின் கணக்கு இதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

ஜூன் 6, வியாழன்

மார்க்கெட்டில் தக்காளியைப் பெட்டியாக எடுத்தால் கிலோ பாதி விலை. பதினான்கு கிலோப் பெட்டி. சில்லறையாக வாங்குகிறவனை நான் என்றைக்கும் மதித்ததில்லை. எடுத்துவந்தேன்.

துளசி ஹாலில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஆரு வூட்ல கண்ணாலம்?"

"பாதி வெல புள்ளே."

"திங்கறது ரெண்டு பேருங்க. அதுல ஒரு ஆளு வெதை திங்கக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

ஆஸ்பத்திரிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எழுதித்தான் இருக்கிறது. தோல், விதை, கீரை, சோளம், கடலை, நார் உள்ள எதுவும் கூடாது. குடலில் அடைத்துக்கொள்ளும்.

ஜூன் 7, வெள்ளி

தக்காளித் தொக்கு. நான் சாப்பிட்டேன்.

ஜூன் 8, சனி

தக்காளி ரசம், வடிகட்டியது. இருவரும். தொக்கு, நான்.

ஜூன் 9, ஞாயிறு

தக்காளி.

ஜூன் 10, திங்கள்

தொட்டி: 3,400 கிராம். விவரம் எழுத விருப்பமில்லை.

ஜூன் 11, செவ்வாய்

துளசி கட்டிலில் இருந்தபடியே சமையலறையை நடத்த ஆரம்பித்துவிட்டாள். ஆள் வராது, குரல் வரும். இன்று கற்றவை:

இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, அதுவும் தலை தட்டி. பருப்பு வெந்ததும் மேலாகத் தெளிந்து நிற்கிற தண்ணீர் ரசத்துக்கு. அடியில் இருப்பது சாம்பாருக்கு. கொத்தமல்லிக் காம்பை நூலில் கட்டிக் குழம்பில் போட்டு, இறக்கும்போது எடுத்துவிட்டால் மணமும் கிடைக்கும், நாரும் வராது. கறிவேப்பிலையைக் கழுவாமல் செய்தித்தாளில் சுற்ற வேண்டும். காய் வாங்கத் திங்களும் வியாழனும் மட்டும், மூன்று வகைக்கு மேல் கூடாது. வாடப்போவதை முதலில் சமைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை நான் குடோனில் முப்பத்தைந்து வருஷமாகச் செய்கிறேன். சுரைக்காயும் சாக்குதான் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"இத்தனை வருஷத்துல நீ எவ்வளவு வீசியிருப்பே?" என்று கேட்டேன்.

"நானா? என்னத்தெ வீசறது? மிஞ்சுனா நாந்தின்னுருவேனுங்க."

"தெனமுமா?"

"பின்னே? உங்களுக்கா வெக்கறது?"

எங்கள் வீட்டுத் தொட்டி ஏன் காலியாகவே இருந்தது என்பது இப்போது தெரிகிறது. நல்ல முறைதான். இப்போது நடைமுறைக்கு ஆகாது.

ஜூன் 13, வியாழன்

தோல் அவளுக்கு ஆகாது என்பதால் தோல் எல்லாம் என் பங்கு. திங்கள் பீர்க்கங்காய்த் தோல் துவையல், நேற்று உருளைக்கிழங்குத் தோல் வறுவல், இன்று வாழைக்காய்த் தோல் பொரியல்.

வயிறு சரியில்லை. என் வயிறு.

தொட்டி: 310 கிராம்.

ஜூன் 14, வெள்ளி

கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். தொட்டிக்குப் போவதில் பெரிய பங்கு இப்போது சமையலறையிலிருந்து வரவில்லை. துளசியின் தட்டிலிருந்து வருகிறது. காலை மூன்று இட்லி வைத்தால் ஒன்றரை திரும்பி வருகிறது. மதியம் வைத்த சாதத்தில் பாதி.

இது எனக்குப் பழக்கமான விஷயம். நூறு சாக்கு அனுப்பி நாற்பது திரும்பி வந்தால் அடுத்த லோடு அறுபதாக அனுப்ப வேண்டும். திரும்பத் திரும்ப நூறு அனுப்புகிறவன் லாரி வாடகை கொடுத்தே அழிவான்.

நாளையிலிருந்து இட்லி ஒன்றரை. சாதம் ஒரு கரண்டி.

பையை ஊற்றிக் கழுவுகிற வேலையும் நான்தான் செய்கிறேன். தினம் ஆறு தடவை வரும். அதை இதில் எழுதுவதில்லை. இது சமையல் நோட்டு.

ஜூன் 18, செவ்வாய்

மூன்றாவது நாளாகத் தட்டு சுத்தமாகத் திரும்பி வருகிறது. கழுவக்கூட அதிகம் இல்லை.

தொட்டி: 40 கிராம். வெங்காயச் சருகும் முருங்கைச் சக்கையும். இதற்குக் கீழே யாராலும் போக முடியாது.

மைதிலி வீடியோவில் கேட்டாள். "அம்மா சாப்பிடறாங்களாப்பா?"

காலித் தட்டைத் தூக்கிக் காட்டினேன். "அப்பா, நெசமாவே நீங்கதான் சமைக்கறீங்களா?" என்றாள். மகள் என்னைப் பாராட்டி ரொம்ப நாளாகிறது.

பை வேலையும் குறைந்திருக்கிறது. இரண்டு தடவை. உடம்பு தேறுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 24, திங்கள்

கோயமுத்தூர். எடை முப்பத்தொன்பது புள்ளி ஆறு.

மெஷினில் ஏதோ கோளாறு என்றேன். வேறு மெஷினில் ஏற்றினார்கள். முப்பத்தொன்பது புள்ளி ஐந்து.

டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். தேதியைப் பற்றிப் பேசவே இல்லை. உணவு ஆலோசகரைப் பாருங்கள் என்று அனுப்பினார். ரெஜினா என்று பெயர், மைதிலி வயசு இருக்கும். "என்ன சார் குடுக்கறீங்க வீட்ல?" என்று கேட்டது. இந்த டைரியை எடுத்து வைத்தேன். பெருமையாகத்தான் வைத்தேன். தப்பில்லை, தினம் தினம் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெண் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியது. "மூணு இட்லி எப்ப சார் ஒன்றரை ஆச்சு?"

லோடு கணக்கை விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டது.

"குப்பைத் தொட்டியத் தெனம் எடை போட்டிருக்கீங்க. இவங்கள எத்தனை நாளைக்கு ஒருக்கா போட்டீங்க?"

வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொன்னது. "ஒன்றரை இட்லி கம்மிதான். ஆனா அது முழுசா உள்ள போயிருந்தாக்கூட எடை இவ்வளவு இறங்காது, சார்."

துளசி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 25, செவ்வாய்

காலையில் கட்டிலோர ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். கீழே குடோன் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு. அதில் காய்ந்த சாதம், இட்லித் துண்டு, கெட்டியாய்ப் போன பருப்பு. காக்கைகளும் முழுதாக முடிக்கவில்லை. ஏணி போட்டு ஏறிச் சுரண்டி எடுத்து எடை போட்டேன். 780 கிராம். இதைப் போன வாரக் கணக்கில் சேர்த்துத் திருத்த வேண்டும்.

துளசி ஏணிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

"எதுக்குப் புள்ளே?"

"தட்டுல வெச்சா எடை போடுவீங்க."

"போட்டா என்ன?"

"எழுதுவீங்க."

"சரி, எழுதல. பசி இல்லியா உனக்கு?"

"பசிக்குதுங்க."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பசி இல்லை என்றால் டானிக் வாங்கலாம் என்றிருந்தேன்.

அவள் போர்வையை விலக்கிப் பையைக் காட்டினாள். "ஒரு வாய் தின்னா உங்களுக்கு ஒரு வேலைங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவெ குனியறீங்க. குனியறப்பெல்லாம் மூச்சப் புடிச்சுக்கறீங்க. முடிச்சுப் போட்டுட்டு வெளிய போயித்தான் மூச்சு உடறீங்க. நாம் பாத்துக்கிட்டுத்தானே படுத்திருக்கறேன். திங்காத நாளு ரெண்டே தடவெதான். நானுங் கணக்கு வெச்சிருக்கறேனுங்க, உங்களாட்ட."

மூச்சைப் பிடிக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. பதினேழு வயசிலிருந்து சாக்கு உதறுகிறேன். உதறும்போது மூச்சைப் பிடிக்காதவன் நாற்பது வயசுக்குள் இருமியே போய்விடுவான். கை எதையாவது பிரித்தால் மூச்சு தானாக நிற்கும். அது தொழில் பழக்கம், வேறொன்றுமில்லை என்று அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அது மட்டும்தான் காரணமா என்று எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

மதியம் இரண்டு இட்லி வைத்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். அரை சாப்பிட்டாள்.

ஜூன் 26, புதன்

தராசைக் கடைக்குத் திருப்பி அனுப்பினேன். மாதேஸ் போன் செய்தான். "ஏனுங்ண்ணா, வூட்ல வேல முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

பழைய சாமான் கடையில் ஆள் நிற்கிற எடை மெஷின் ஒன்று கிடைத்தது. இரண்டு கிலோ கூடக் காட்டுகிறது. கழித்துக்கொள்ளலாம் என்பதால் விலையிலும் கழித்தார்கள்.

ஜூன் 28, வெள்ளி

குளியலறையில் ஒரு ஸ்டூல், உட்கார்ந்தால் வயிறு தெரிகிற உயரத்தில் ஒரு கண்ணாடி, கைக்கெட்டும் தூரத்தில் ஆணி இரண்டு. கண்ணாடி புதிது. பழையதில் ரசம் போயிருந்தது, வேண்டாமென்று விட்டேன். ரெஜினா சொல்லி ஒரு நர்ஸ் போன் வீடியோவில் வந்து, பையை அவிழ்த்து ஊற்றிக் கழுவி மாட்டுவதைத் துளசிக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

முதல் தடவை நாற்பது நிமிஷம்.

"ஏதாச்சும் வேணுமா?" என்றேன்.

"போங்க. போயி அடுப்பப் பாருங்க."

போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூலை 1, திங்கள்

நான்கு நாளாக அவளே செய்துகொள்கிறாள். இன்று பதினைந்து நிமிஷம். காலையில் இரண்டு இட்லி, பதினொரு மணிக்கு ஒரு வாழைப்பழம்.

ரெஜினாவிடம் போனில் கேட்டேன். மூன்று வேளை என்பதை மறந்துவிட வேண்டுமாம். ஆறு வேளை, ஏழு வேளை, கொஞ்சம் கொஞ்சம். "கேக்கறப்ப கையில இருக்கணும் சார். நீங்க குக்கர் வெச்சு இறக்கறதுக்குள்ள அந்தப் பசி போயிரும். நாலு விதமா செஞ்சு வைங்க. மூணு வீணாப் போகும். போகட்டும்."

கடையிலும் எல்லா அளவிலும் சாக்கு இருப்பு வைக்கிறேன். எல்லாமா விற்கிறது? இருந்தாலும் "மூணு வீணாப் போகும்" என்று ஒருவர் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜூலை 3, புதன்

செய்தது: இட்லி, குழைந்த சாதம், பருப்புத் தண்ணீர், சேமியாப் பாயசம், வெள்ளைப் பூசணிக் கூட்டு, அவித்த முட்டை இரண்டு, ரவைக் கஞ்சி.

அவள் சாப்பிட்டது: இட்லி இரண்டு, முட்டை வெள்ளை ஒன்று, பாயசம் அரை டம்ளர், சாதம் மூன்று கரண்டி.

தொட்டி: எடை போடவில்லை. தூக்கும்போது கை ஒரு கிலோவுக்கு மேல் என்று சொன்னது.

ஜூலை 6, சனி

மிச்சத்தைக் கீழே குடோனில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தேன். முதல் நாள் நன்றி சொன்னார்கள். இன்று நான்காம் நாள். எல்லோரும் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் டப்பா கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பிரிட்ஜில் ஐஸ் தட்டு சும்மா கிடந்தது. வடிகட்டிய பருப்பை அதில் ஊற்றி உறைய வைத்தேன். பன்னிரண்டு கட்டி. ஒரு கட்டி இரண்டு வாய்க்குச் சரி. கேட்டால் இரண்டு கட்டியைச் சின்னக் கிண்ணத்தில் போட்டுச் சூடாக்கினால் மூன்று நிமிஷத்தில் தயார். மிச்சம் மிச்சமாகவே உள்ளே இருக்கிறது. தட்டு இன்னும் மூன்று வாங்கி, கஞ்சிக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, காய்க் கூழுக்கு ஒன்று என்று பிரித்தேன். இட்லியையும் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ரூபாய் அளவில் அவிக்கிறேன்.

"என்னுங்க இது, சொப்புச் சாமானா?" என்றாள் துளசி. ஆறு தின்றாள்.

ஆக நானும் சில்லறை வியாபாரத்தில் இறங்கிவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

கோயமுத்தூர். நாற்பத்தொன்று புள்ளி ஒன்று. ரெஜினா டைரியைக் கேட்டது. கொண்டுவரவில்லை என்றேன். தோள்பையில்தான் இருந்தது.

ஜூலை 22, திங்கள்

நான்கு மணிக்குப் பசிக்கிறது என்றாள். ஐந்தரைக்கும் பசிக்கிறது என்றாள். கட்டி எட்டு. மருமகனின் அம்மா பார்க்க வந்திருந்தார். துளசி எழுந்து உட்கார்ந்து பேசினாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. ஊரே ஆற்றுக்குப் போயிருக்கிறது. நாங்கள் போகவில்லை. இரண்டு ஐஸ் தட்டு காலி.

ஆகஸ்ட் 5, திங்கள்

நாற்பத்து மூன்று. டாக்டர் "பரவால்லையே" என்றார். அவர் அதற்குமேல் பாராட்டுகிற ஆள் இல்லை. அடுத்த தடவை தேதி என்றார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை கரண்ட் இல்லை. டிரான்ஸ்பார்மர் வேலை. நான்கு தட்டிலும் கட்டி எல்லாம் உருகித் தண்ணீராகிவிட்டது. முகர்ந்து பார்த்தேன். வாடை ஒன்றுமில்லை. கரண்ட் வந்ததும் மறுபடி உறைய வைத்துவிட்டேன். உருகுமுன் இருந்ததும் அதே பருப்பு, உருகிய பின் இருப்பதும் அதே பருப்பு.

ஆகஸ்ட் 15, வியாழன்

நேற்று மதியத்திலிருந்து பை நிறைந்துகொண்டே இருக்கிறது. தண்ணீராக. அவளால் எழுந்து போக முடியவில்லை. நான் செய்கிறேன். பதினாறு தடவை. மூச்சை விட்டுக்கொண்டே செய்தேன். அதை மட்டும் கவனமாகச் செய்தேன்.

உப்புச் சர்க்கரைத் தண்ணீர். உதடு காய்ந்திருக்கிறது. லீவு நாள். பக்கத்து நர்சிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ரெஜினாவுக்குப் போன் செய்து சொன்னேன். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டது. சொன்னேன். கரண்ட் விஷயத்தையும் சொன்னேன்.

"சார், அந்தக் கட்டி எல்லாத்தையும் வீசுங்க. இப்பவே. நான் லைன்ல இருக்கேன்."

நாற்பத்தோரு கட்டி. ஏழு கட்டியை அவளுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தேன். தட்டைக் கவிழ்த்துக் குழாய்க்கடியில் பிடித்தேன். போனில் தண்ணீர்ச் சத்தம் கேட்டிருக்கும். "தேங்க்ஸ் சார்" என்று வைத்துவிட்டது.

துளசி கட்டிலிலிருந்து கேட்டாள். "என்னுங்க கொட்டறீங்க?"

"பருப்பு."

"கெட்டுப் போச்சுங்களா?"

"தெரியல. கொட்டிட்டேன்."

"நீங்களா?"

"நாந்தான்."

ஏழு கட்டியின் கதையைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், அவள் கேட்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே, "கஞ்சி புதுசா வெய்ங்க" என்றாள்.

ஆகஸ்ட் 17, சனி

நின்றுவிட்டது. எடை, இரண்டைக் கழித்து, நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது. பன்னிரண்டு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் போயிருக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கரண்ட் போனால் கட்டி தொட்டிக்கு. இரண்டு நாளுக்கு மேல் போனதும் தொட்டிக்கு. பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். எழுதியது எனக்கு, படிப்பதும் நான் மட்டும்தான்.

ஆகஸ்ட் 19 முதல் 31 வரை

சமையல். ஏழு வேளை. எழுத நேரமில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

கோயமுத்தூர். அவினாசி தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி அவளுக்கு இரண்டு டம்ளர் மோர் கொடுத்தேன். இதற்கு விளக்கம் எழுதிவிடுகிறேன். தொழில் ஆரம்பித்த புதிதில் சாக்கை எடைக்கு விற்பேன். விற்கிற அன்று காலை லேசாகத் தண்ணீர் தெளிப்பது உண்டு. விட்டு முப்பது வருஷம் ஆகிறது. இன்று ஒரு தடவை.

நாற்பத்து நான்கு புள்ளி நான்கு.

"மோர் சேத்தா, சேக்காமலா?" என்றது ரெஜினா. துளசிதான் சொல்லியிருக்க வேண்டும்.

"சேத்து" என்றேன்.

டாக்டர் எடைச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு ரத்த ரிப்போர்ட்டைத்தான் படித்தார். "ரத்தம் நல்லா ஏறியிருக்கு. அரைக் கிலோதானே, பாத்துக்கலாம். அடுத்த வாரம் புதன், பதினொண்ணாந் தேதி வெச்சுக்கலாமா, அம்மா?"

துளசி என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்து, "வெச்சுக்கலாமுங்க" என்றாள்.

செப்டம்பர் 11, புதன்

இரண்டு மணி நேரம் என்றார்கள். மூன்றேகால் ஆனது. பையை எடுத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

வாயில் எதுவும் கூடாது. தைத்த குடல் வேலை செய்ய ஆரம்பித்ததா என்று தெரிய வேண்டும். அதற்கு அடையாளம் வாயு பிரிவது என்கிறார் டாக்டர். அதுவரை உதட்டைத் துணியால் நனைக்கலாம், அவ்வளவுதான். மைதிலி வந்திருக்கிறாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

இல்லை.

இரண்டு மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து வார்டு முழுக்கக் கேட்கும்படி "அம்மா, காத்துப் போச்சா?" என்கிறார். துளசி இல்லை என்று தலையை ஆட்டுகிறாள். பக்கத்துக் கட்டில் அம்மா தன் பங்குக்கு வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். மாதேஸ் போனில், "அண்ணா, அக்காளுக்கு ஆச்சுங்களா?" என்றான். கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வயிறு உப்பலாக இருக்கிறது என்று டாக்டர் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். நாளையும் இல்லையென்றால் ஸ்கேன் என்றார்.

நான் காண்டீனில் இட்லி வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன். மைதிலி சொன்னதால் தெரியும்.

செப்டம்பர் 14, சனி

காலை ஏழு ஐந்துக்கு ஆனது.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். துளசி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் கை தட்டினார். பக்கத்துக் கட்டில் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். மைதிலியை எழுப்பிச் சொன்னேன், அழுதாள். மாதேசுக்குப் போன் செய்து கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். மறுபடி போன் செய்து வடையும் என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரில் வாடகைக்கு எடுத்திருக்கும் அறையில் அடுப்பு வைத்துக்கொள்ள விடுகிறார்கள். பச்சரிசியைப் பொடித்து, கட்டி தட்டாமல் காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனேன். மைதிலி முதுகுக்குத் தலையணை வைத்தாள். நான் ஊட்டினேன்.

முதல் ஸ்பூன் உள்ளே போனது. இரண்டாவது. மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"என்ன புள்ளே? வலிக்குதா?"

விழுங்கினாள். "உப்புப் பத்தலீங்க."

மைதிலி சிரித்துவிட்டாள்.

"சிரிக்காத கண்ணு" என்றாள் துளசி. "மூணு மாசமா இதத்தாந் தின்னேன். பருப்புல உப்பில்ல, ரசத்துல புளியில்ல. அந்தக் கூட்டு கொத்தனார் கலவையாட்ட இருந்துச்சு. எடை ஏறோணுமேன்னு முழுங்குனேன். இனி எதுக்குங்க?"

இதுவரை நான் வைத்த எதற்கும் அவள் ஒரு குறை சொன்னதில்லை. நர்சிடம் கேட்டேன். கொஞ்சமாகப் போடலாம் என்றார்.

மூன்று மாடி இறங்கிக் காண்டீனுக்குப் போய் உப்புக் கேட்டேன். ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார்கள். காசு வேண்டாம் என்றார்கள். இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.